ஏஆர்-3ஏ, ஜேபிஎல் எல்100: அறையில் ஒரு ஜோடிக்குத்தான் இடம்

மரப்பெட்டி எழுதியது:

வணக்கம். பழைய ஸ்பீக்கர்களைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டிய அனுபவம் உள்ளவர்கள் சற்று வழி சொல்ல வேண்டும்.

என்னிடம் இரண்டு ஜோடி இருக்கின்றன. ஒன்று பெரியப்பா வைத்திருந்த ஏஆர்-3ஏ (அகூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியுடையது). மற்றது நானே தேடிப் பிடித்த ஜேபிஎல் எல்100. அறையில் ஒரு ஜோடிக்குத்தான் இடம் உண்டு. மற்றதைக் கொடுத்துவிடப் போகிறேன். கொடுத்த பிறகு வருத்தப்படக் கூடாது என்பதுதான் கவலை.

ஏஆரின் நிலைமை இது: வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) கோனைச் சுற்றியுள்ள ஃபோம் விரல் பட்டாலே பொடியாக உதிர்கிறது. ஒரு வூஃபரில் கால் வட்டம் அளவுக்கு ஃபோமே இல்லை. வலது பெட்டியில் ட்வீட்டர் (உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) பேசவே மாட்டேன் என்கிறது. இடது பெட்டியில் பேசுகிறது, ஆனால் பின்னால் இருக்கும் குமிழைத் தொட்டால் கரகரவென்று வந்து போகிறது.

எல்100 வெளிப்பார்வைக்கு மோசமில்லை. முன்னால் இருந்த ஃபோம் கிரில் மட்டும் பிசுபிசுப்பாகி உதிர்ந்துவிட்டது. வெள்ளைக் கோன் லேசாக மஞ்சளாகியிருக்கிறது. தரையில் வைத்துக் கேட்டால் ஆண் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது, அதே நேரம் தாளக்கருவிகளின் சத்தம் காதைக் குத்துகிறது.

இரண்டையும் அருகருகே வைத்து, ஆம்ப்பில் இருக்கும் ஏ, பி ஸ்விட்சை மாற்றி மாற்றிக் கேட்டேன். குத்தினாலும் எல்100-இல்தான் உயிர் இருக்கிறது. ஏஆர் போர்வைக்குள் முடங்கிக் கிடக்கிறது. ஆனால் பெரியப்பா சாதாரணமாக எதையும் புகழ மாட்டார். அவர் இந்த ஏஆரைப் பற்றிப் பேசினால் நிறுத்தவே மாட்டார். அதனால்தான் கை தயங்குகிறது.

என் கேள்விகள்: ஏஆரைச் சரிசெய்தால் இந்த நிலை மாறுமா, அல்லது அதன் சுபாவமே இதுதானா? கிராஸோவரில் (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் சுற்றில்) எல்லா கபாசிட்டரையும் மாற்றிவிட வேண்டுமா? எல்100 கோனுக்கு வெள்ளை பெயின்ட் ஒரு கோட் அடித்தால் தப்பா? சாலிடரிங் எனக்குப் பழக்கம்தான், மல்டிமீட்டரும் இருக்கிறது. ஸ்பீக்கர் கோனில் மட்டும் இதுவரை கை வைத்ததில்லை.

சாலிடர் புகை எழுதியது:

யோசிக்கவே வேண்டாம். 50 வருடப் பழைய கபாசிட்டரை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு நல்ல ஃபிலிம் கபாசிட்டர் போடுங்கள். வயரையும் தடிமனாக மாற்றுங்கள். டெர்மினலையும் மாற்றினால் ஒரேயடியாக வேலை முடிந்தது. பெட்டியை அடிக்கடி திறப்பதுதான் பெரிய தலைவலி, திறக்கும்போதே எல்லாவற்றையும் செய்துவிடுவது நல்லது.

மூன்றாம் காது எழுதியது:

மரப்பெட்டி, எதையும் பிடுங்காதீர்கள். முதலில் ஒன்று சொல்கிறேன். நீங்கள் இப்போது ஒப்பிட்டது ஏஆரையும் ஜேபிஎல்லையும் அல்ல. ஏஆரின் பழுதையும் ஜேபிஎல்லின் பழுதையும்தான் ஒப்பிட்டிருக்கிறீர்கள். இதை வைத்து எதையும் யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.

இந்த இரண்டு பெட்டிகளும் பேஸை (தாழ்ந்த ஒலியை) உண்டாக்கும் விதமே வேறு. அது புரிந்தால் எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது என்பது தானாகத் தெரியும்.

ஏஆர் முற்றிலும் அடைத்த பெட்டி. எட்கர் வில்ச்சர் 1954-இல் ஏஆர்-1 கொண்டுவந்தபோது செய்தது இதுதான்: கோனைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் வேலையைப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றிடம் கொடுத்தார். 1967-இல் வந்த உங்கள் 3ஏ-வும் அதே வழிதான். அந்த 12 அங்குல வூஃபரை வெளியே எடுத்து வெறும் காற்றில் சோதித்தால் 18 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒத்ததிர்வு வரும். பெட்டிக்குள் பூட்டினால் அது 40-ஐத் தாண்டிவிடும். அந்த வித்தியாசம் முழுவதும் காற்று ஸ்பிரிங்கின் வேலை. இப்போது யோசித்துப் பாருங்கள், ஃபோமில் கால் வட்டம் இல்லை என்றால் அந்தக் காற்று எங்கே அடைபடும்? ஸ்பிரிங்கே இல்லாத வூஃபரைத்தான் இதுவரை கேட்டிருக்கிறீர்கள். அதைவிட முக்கியம், இந்த நிலையில் சத்தமாக வைக்காதீர்கள். கோன் ஒருபக்கம் சாய்ந்தால் வாய்ஸ் காயில் (கோனின் பின்னால் இருக்கும் கம்பிச் சுருள்) காந்தத்தில் உரசும். ஃபோம் மலிவாகக் கிடைக்கிற சமாசாரம், காயில் அப்படியல்ல.

எல்100 வேறு ஜாதி. ஜேபிஎல்லின் 4310 ஸ்டூடியோ மானிட்டரை வீட்டுக்காக அழகுபடுத்தி 1970-இல் கொண்டுவந்த மாடல் அது. முன்னால் துளை உள்ள பெட்டி. அதன் வூஃபருக்குக் கிராஸோவரில் தடுப்பு எதுவும் கிடையாது, ஆம்ப்பிலிருந்து நேராக இணைப்பு. மேல் அதிர்வெண்களில் அது தானாகவே ஓய்ந்துபோகும்படி கோனின் எடையையும் பூச்சையும் வைத்துச் செய்திருக்கிறார்கள். அதாவது அந்த வெள்ளைக் கோன்தான் பாதிக் கிராஸோவர். அதன்மேல் பெயின்ட் அடிப்பதும் கிராஸோவரில் கண்டபடி ஒரு பாகத்தைச் சேர்ப்பதும் ஒன்றுதான். மஞ்சளாகவே இருக்கட்டும். உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். அதன் விளிம்பு துணியால் ஆனது, ஃபோம் இல்லை, அதனால்தான் இன்றும் நன்றாக இருக்கிறது. அதன்மேலும் பசை, வார்னிஷ் என்று எதுவும் தடவ வேண்டாம்.

இப்போது ஏஆரின் ட்வீட்டர். பெட்டியைத் திறக்கும் முன்பே பின்பக்கத்தைப் பாருங்கள். 1, 2, டி என்று மூன்று டெர்மினல் இருக்கும். ஆம்ப் வயர் 1-க்கும் 2-க்கும் போகும். 2-க்கும் டி-க்கும் நடுவே ஒரு சின்ன உலோகப் பட்டை இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ட்வீட்டருக்குச் சிக்னலே போகாது. வீடு மாற்றும்போது யாரோ கழற்றி வைத்து, அப்புறம் காணாமல் போன பட்டைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல ட்வீட்டரைச் செத்ததென்று தூக்கிப் போட்டவர்களும் உண்டு.

பட்டை இருந்தும் பேசவில்லை என்றால் அடுத்த சந்தேகம் குமிழ்கள்மேல். மிட்டுக்கு (நடு ஒலிக்கான ஸ்பீக்கருக்கு) ஒன்று, ட்வீட்டருக்கு ஒன்று. உள்ளே பீங்கான் வளையத்தில் கம்பி சுற்றியிருக்கும், அதன்மேல் ஒரு உலோக நாக்கு ஓடும். 50 வருடம் ஒரே இடத்தில் நின்றால் யார் செய்த பாகமாக இருந்தாலும் அந்த நாக்கின் அடியில் பச்சை பிடிக்கும். கரகரப்பு அதுதான். கழற்றி, பிரித்து, மிக நைசான உப்புத்தாளால் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

எல்100-க்கும் இதே நோய் உண்டு. முன்பலகையில் பிரசென்ஸ், பிரில்லியன்ஸ் என்று இரண்டு குமிழ் இருக்கும். கிளீனர் அடித்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நன்றாகத் திருப்பிவிடுங்கள். அழுக்கில் சிக்கிய குமிழ் எங்கே நிற்கிறது என்பதற்கும் உள்ளே எவ்வளவு சிக்னல் போகிறது என்பதற்கும் சம்பந்தமே இருக்காது. உங்கள் காதைக் குத்துவது அதுவாகக்கூட இருக்கலாம். குடத்துக் குரலுக்குக் காரணம் தரை. முழங்கால் உயரத்துக்காவது தூக்கி வையுங்கள்.

சாலிடர் புகை சொன்ன கபாசிட்டர் விஷயத்துக்கு வருகிறேன். பழையது என்பதற்காக மாற்றாதீர்கள், கெட்டிருந்தால் மாற்றுங்கள். ஒரு காலை அவிழ்த்துவிட்டு மீட்டரில் அளந்து பாருங்கள். எழுதியிருக்கும் அளவிலிருந்து 10 சதவீதத்துக்குள் இருந்தால் அப்படியே விடலாம். வயரைத் தடிமனாக்குவதெல்லாம் கைக்கு வேலை, காதுக்கு இல்லை.

மரப்பெட்டி எழுதியது:

மூன்றாம் காது சார், மிக்க நன்றி. வலது பெட்டியில் அந்தப் பட்டை இல்லை! ஒரு துண்டுச் செம்புக் கம்பியை வளைத்துப் போட்டேன், ட்வீட்டர் உடனே பேசியது. இடது பெட்டியின் குமிழில் நீங்கள் சொன்ன அதே பச்சை. சுத்தம் செய்த பிறகு கரகரப்பு நின்றுவிட்டது.

வூஃபரைக் கழற்றிவிட்டேன். இரண்டிலும் காயில் மூன்று ஓம் பக்கத்தில் காட்டுகிறது. விரல்களைப் பரப்பி வைத்து மெதுவாக அமுக்கினால் உரசல் சத்தம் இல்லை. உள்ளே கண்ணாடி நார் பஞ்சு அடைத்திருக்கிறது, கை முழுக்க அரிப்பு. கிராஸோவரில் மெழுகு தோய்ந்த ஒரு அட்டைக் கட்டி இருக்கிறது, அதில் 150, 50 மைக்ரோஃபாரட் என்று இரண்டும் ஒன்றாக. தனியாக ஒரு 6 மைக்ரோஃபாரட். அளந்ததில் 6 என்பது 7-ஐத் தாண்டிவிட்டது, 50 என்பது 63 காட்டுகிறது, 150 என்பது 158.

புது ஃபோம் வாங்கி வைத்திருக்கிறேன். ஒட்டத்தான் பயமாக இருக்கிறது. கோன் நடுவில் நிற்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்றாம் காது எழுதியது:

முதலில் ஒரு மாஸ்க்கும் கையுறையும் போடுங்கள். அந்தப் பஞ்சில் ஒரு பிடிகூட வீணாக்காமல் ஒரு பையில் கட்டி வையுங்கள், அத்தனையும் திரும்ப உள்ளே போக வேண்டும். பெட்டியின் பேஸ் கணக்கில் அதுவும் சேர்ந்தது.

6-ஐயும் 50-ஐயும் மாற்றுங்கள். 150 நன்றாக இருக்கிறது, ஆனால் 50-ஓடு ஒரே கட்டிக்குள் இருப்பதால் அதையும் சேர்த்து மாற்றிவிடுவதுதான் நிம்மதி. 6-க்கு ஃபிலிம் போடலாம். 150-க்கு ஃபிலிம் போட்டால் செங்கல் அளவுக்கு வரும், அவசியமே இல்லை, புதிய நான்-போலார் எலக்ட்ரோலிட்டிக் போதும். 50-க்கும் அதுவே. ஃபிலிமுக்கு உள்தடை மிகக் குறைவு, பழைய எலக்ட்ரோலிட்டிக்குக் கொஞ்சம் இருக்கும். அந்தக் கொஞ்சத்தையும் கணக்கில் வைத்துத்தான் அந்தக் காலத்தில் சமன் செய்திருப்பார்கள். எல்லாவற்றையும் ஃபிலிமாக மாற்றிவிட்டு மேலே கூர்மையாகிவிட்டதே என்று புலம்புபவர்கள் அப்புறம் அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் சேர்ப்பார்கள். சுற்றி வளைத்துப் பழைய இடத்துக்கே வருவது.

இனி ஃபோம். பழையது கோனின் முன்பக்கம் ஒட்டியிருந்ததா பின்பக்கமா என்று சுரண்டுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிசுக்கை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஊறவைத்து, மழுங்கிய கத்தியால் மெதுவாக எடுங்கள். காகிதக் கோன் ஊறிப்போகும் அளவுக்கு ஊற்ற வேண்டாம். முதல் நாள் ஃபோமைக் கோனில் மட்டும் ஒட்டி, நன்றாகக் காயவிடுங்கள். பலர் அவசரப்பட்டு இரண்டு விளிம்பையும் ஒரே நேரத்தில் ஒட்டப் பார்ப்பார்கள், அங்கேதான் கோணல் வரும்.

காய்ந்த பிறகு வெளி விளிம்பு. நீர் கலந்த வெள்ளைப் பசையாக இருந்தால் நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். பசை ஈரமாக இருக்கும்போதே வூஃபரை ஆம்ப்பில் மாட்டி, 30 ஹெர்ட்ஸ் டோனை மிகக் குறைந்த சத்தத்தில் ஓடவிடுங்கள். கோன் மெதுவாக முன்னும் பின்னும் போய் வரும். காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேளுங்கள். காயில் எங்காவது உரசினால் தாளைச் சுரண்டுவது மாதிரி ஒரு சத்தம் வரும். சத்தம் மறையும் வரை விளிம்பை மயிரிழை மயிரிழையாக நகர்த்திவிட்டு அப்படியே அமுக்கி விடுங்கள். டஸ்ட் கேப்பை (கோனின் நடுவில் இருக்கும் மூடியை) வெட்டி, காயிலைச் சுற்றிப் பிளாஸ்டிக் பட்டை செருகி நடுப்படுத்தும் முறையும் இருக்கிறது. அதுதான் நிச்சயமான வழி. ஆனால் முதல் தடவை செய்பவர் டஸ்ட் கேப்பை வெட்டி மறுபடி ஒட்டுவதற்குப் பதில் டோன் முறையில் போவதே மேல்.

பெட்டியில் பூட்டும்போது பழைய அடைப்புப் பசை இறுகியிருக்கும். அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வையுங்கள். பூட்டிய பிறகு கோனை மெதுவாக உள்ளே அமுக்கி விடுங்கள். அது தயங்கித் தயங்கி வெளியே வந்தால் பெட்டி காற்றைப் பிடித்திருக்கிறது. சட்டென்று துள்ளி வந்தால் எங்கேயோ ஒழுகுகிறது.

ட்வீட்டரின் நடுவே புடைத்திருக்கும் குமிழியை மட்டும் கையாலோ பிரஷ்ஷாலோ தொட்டுவிடாதீர்கள். தலைமுடி தடிமனில் அதன் கம்பி முன்பக்கமாகவே போகும், அறுந்தால் என்னாலும் உதவ முடியாது.

ஒலிமானி எழுதியது:

வேலை முடிந்து ஒப்பிடும்போது ஏ, பி ஸ்விட்ச் மட்டும் போதாது. ஏஆர் நான்கு ஓம், உணர்திறனும் குறைவு. எல்100 எட்டு ஓம், குறைந்த வாட்டிலேயே நன்றாகக் கத்தும். ஒரே வால்யூமில் மாற்றினால் எல்100 சில டெசிபெல் சத்தமாகவே இருக்கும். சத்தமாக இருப்பதைக் காது எப்போதும் நல்லதென்றே நம்பும். ஒரு டெசிபெல் வித்தியாசத்தைக்கூட நாம் சத்தம் என்று உணர மாட்டோம், தெளிவு என்றுதான் சொல்வோம். நீங்கள் சொன்ன அந்த 'உயிர்' எவ்வளவு தூரம் இதனால் வந்தது என்று பார்க்க வேண்டும்.

நான் செய்வது இப்படி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பெட்டி மட்டும், மோனோவில். இடது சேனலில் ஏஆர், வலது சேனலில் எல்100, இரண்டும் ஒரே உயரம், சுவரிலிருந்து ஒரே தூரம். பிங்க் நாய்ஸ் (அளவெடுக்கப் பயன்படும் சீரான இரைச்சல்) ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் மொபைல் செயலியால் தனித்தனியாக அளவு எடுங்கள். எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவைக் கணினியில் வலது சேனலில் குறைத்து பாட்டைத் தயார் செய்யுங்கள். அப்புறம் பேலன்ஸ் குமிழே ஸ்விட்ச் ஆகிவிடும். குமிழை நடுவில் வைத்து இரண்டையும் சேர்த்துக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். பழைய ஜேபிஎல் வூஃபரில் சிவப்பு முனைக்கு பாசிட்டிவ் கொடுத்தால் கோன் உள்ளே போகும், மற்றவர்களுடையது வெளியே வரும். இரண்டும் ஒன்றையொன்று பேஸில் அடித்துக்கொள்ளும். ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

இன்னொன்று, ஏ, பி இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கிவிடாதீர்கள். நாலும் எட்டும் இணையாகச் சேர்ந்தால் 2.7 ஓம்கூட வராது, பல ஆம்ப்கள் சூடாகிவிடும்.

மரப்பெட்டி எழுதியது:

எல்லாம் முடித்துவிட்டேன். ஒரு வூஃபரில் டோன் ஓடும்போது உரசல் தெளிவாகக் கேட்டது, விளிம்பை லேசாக நகர்த்தியதும் நின்றது. கோனை அமுக்கிவிட்டால் இரண்டு பெட்டியிலும் நிதானமாக மேலே வருகிறது.

ஒலிமானி சொன்னபடி அளந்தேன். எல்100 ஐந்து டெசிபெல் அதிகம்! அதைக் குறைத்துக் கேட்டால் ஏஆர் வேறு ஆள். தம்புராவின் அடிநாதம், மிருதங்கத்தின் தொப்பி எல்லாம் தரையோடு வருகிறது. வீணையின் மீட்டு எல்100-இல்தான் கிட்டே, முகத்துக்கு நேராக இருக்கிறது. ஏஆரில் அது நாலு அடி பின்னால் போய்விடுகிறது. மேல் ஸ்தாயி இப்போதும் கொஞ்சம் அடக்கம்தான், குமிழை முழுதாக ஏற்றியும் அப்படியே. அறையில் எழுந்து நடந்தால் மட்டும் ஏஆர் அதிகம் மாறவில்லை, எல்100 மாறுகிறது.

நான் இரவில் மெதுவாகத்தான் கேட்பேன். கச்சேரிப் பதிவுகள்தான் அதிகம். எதை வைத்துக்கொள்ள?

மூன்றாம் காது எழுதியது:

அந்த அடக்கம் ஏஆரின் சுபாவம், பழுதல்ல. அதை மாற்றப் பார்க்காதீர்கள். நடந்தால் மாறாதது அந்தச் சின்னக் குமிழி ட்வீட்டரும் மிட்டும் ஒலியை அகலமாகப் பரப்புவதால்.

கச்சேரி என்கிறீர்கள், ஏஆரை வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகக் கேட்பவருக்கு அதன் வாட் பசியும் பிரச்சினை இல்லை. டிரம்ஸும் கிட்டாரும் சத்தமாகக் கேட்கிற நண்பர் யாராவது இருந்தால் எல்100 அவருக்குத்தான். கொடுக்கும் முன் முன்பலகையில் ஒட்டியிருக்கும் கிரில் பிசுக்கைச் சுத்தம் செய்துவிடுங்கள், கோன்மேல் உதிராதபடி மேலே ஒரு துணியை மூடிக்கொண்டு. மரத்துக்கு எண்ணெய் பூசுவதானால் வெனீர் மிக மெல்லியது, மெஷின் வைத்துத் தேய்க்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடவும் வேண்டாம், தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவைத்துப் போடுங்கள்.

சாலிடர் புகை எழுதியது:

எல்100-க்கு நான் வரிசையில் நிற்கிறேன். வயரை மாற்ற மாட்டேன், சத்தியமாக.